வீட்டைப் பார்க்க வருகிறார்கள்

பள்ளியின் கடைசி வருடம் தொடங்கியதிலிருந்து, வீட்டின் இரண்டு பெண்களில் பெரியவள் மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு ஓடிவிடுவாள். மாணவர்களுக்கென்று அங்கே இருந்தது ஒரே ஒரு கணினி. அதை வைத்திருந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. தட்டச்சு செய்யும்போதெல்லாம் திரை லேசாகத் தலையாட்டும். அந்தத் திரையின் முன் உட்கார்ந்து அவள் தேடியது ஒன்றைத்தான். உதவித்தொகை.

அவளுக்கு வானிலை படிக்க வேண்டும். இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பாவைத்தான் கைகாட்ட வேண்டும். அவர் பெயின்டர். வெளிச்சுவர் வேலை நடக்கும் நாட்களில் மேகம் வைத்ததுதான் அவருக்குச் சட்டம். காலையில் டீ டம்ளரோடு வாசலில் நின்று, "இன்னிக்கு எப்படி?" என்று மகளைக் கேட்பார். அவள் போனையும் பார்த்து, வானத்தையும் பார்த்து, "மத்தியானம் வரைக்கும் தைரியமா அடிங்கப்பா" என்பாள். பெரும்பாலும் பலித்தது. பலிக்காத நாளில் அவர் தொப்பலாக நனைந்து வந்து, "உங்க வானிலை ஆபீஸ்ல கொஞ்சம் சொல்லி வை" என்பதோடு விட்டுவிடுவார்.

அந்தப் படிப்பு இருந்த கல்லூரியோ தூரத்து ஊரில். விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். அப்பாவின் கூலியையும், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அம்மா வாங்கும் சம்பளத்தையும் சேர்த்தால் வீடு ஓடும். விடுதி வரை ஓடாது.

தேடத் தேட உதவித்தொகைகள் வந்துகொண்டேதான் இருந்தன. உலகத்தில் யார் யாருக்கோ கொடுக்க யார் யாரோ காத்திருந்தார்கள். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு ஒன்று. ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்கு ஒன்று. ஒரு சிமென்ட் ஆலை தன் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தது. இரட்டைப் பிறவிகளுக்குக்கூட ஒன்று இருந்தது. பெரியவள் எல்லா வாசலிலும் போய் நின்று பார்த்தாள். மதிப்பெண் நல்ல மதிப்பெண், ஆனால் முதல் மதிப்பெண் இல்லை. வீட்டில் கஷ்டம் உண்டு, ஆனால் சொல்லி அழும்படியான கஷ்டம் இல்லை. அப்பா உயிரோடு இருந்தார், நல்லபடியாகவே இருந்தார்.

"நீ எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் குறையுறம்மா" என்றார் வகுப்பாசிரியை. திட்டவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

புகைப்படத்தை அப்படியே ஏற்றினால் பெரிதாக இருக்கிறது என்று இணையதளம் துப்பிவிடும். சுருக்கி ஏற்றினால் முகம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பும். அப்பாவுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஒவ்வொரு படிவமும் கேட்டது. அவளும் ஒவ்வொரு முறையும் அவரிடம் போய் நின்றாள்.

"வேலை இருந்தா இருக்கு, இல்லாட்டி இல்ல. அப்படியே எழுதேன்" என்றார் அவர்.

"அங்க நம்பர் மட்டும்தான்பா எழுத முடியும்."

"அப்ப நீயே பார்த்து ஒண்ணு போடு. ரொம்பக் கேவலமா போட்டுடாத."

இப்படி அனுப்பியவற்றில் பாதிக்குப் பதிலே வரவில்லை. மீதிப் பாதிக்கு, விண்ணப்பித்ததற்கு நன்றி என்று வந்தது. குளிர்காலம் முடிகிற நேரத்தில்தான் ஓர் அறக்கட்டளை அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. எப்போதோ இறந்துபோன ஒரு வியாபாரியின் பெயரில் அவருடைய பிள்ளைகள் நடத்துவது. படிப்பு முடியும் வரை விடுதிச் செலவு உட்பட எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நேர்காணலில் இருந்த ஓர் அம்மாள், "மேகத்துல உனக்குப் பிடிச்சது எது?" என்று கேட்க, பெரியவள் பயத்தை மறந்து பேசத் தொடங்கிவிட்டாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த அம்மாவுக்குக் கதவைத் தாண்டி மகளின் குரல் கேட்டது. உள்ளே யாரோ சிரித்ததும் கேட்டது. நல்ல சிரிப்பு என்று அம்மாவுக்குப் பட்டது.

அடுத்த வாரம் போன் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் பாக்கி, எங்கள் ஆள் வந்து உங்கள் வீட்டைப் பார்ப்பார் என்றார்கள். திங்கட்கிழமை வருவாராம்.

"எதுக்காம்?" என்றாள் அம்மா.

"நாம சொன்னது நிஜமான்னு பார்க்க."

"பார்க்கட்டுமே. நாம என்ன பொய்யா சொன்னோம்?"

அம்மா இப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள் அத்தைக்கு விஷயம் எட்டிவிட்டது. அத்தை அப்பாவின் தங்கை. அடுத்த தெருவில் குடியிருந்தாள். அண்ணன் வீட்டில் ஏதாவது நடந்தால் அதை முன்னின்று நடத்துவது தன் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டவள். சனிக்கிழமை காலையில் வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"அண்ணி, உங்களுக்கு விவரம் பத்தாது. எங்க பக்கத்து வீட்டு டெய்லர் பொண்ணுக்கு என்ன ஆச்சு தெரியுமா? சுவத்துல ஒரு ஏசி இருந்துச்சு. ஓடாத ஏசி. யாரோ சும்மா குடுத்தது. வந்தவன் அதைப் பார்த்தான், கழிச்சுட்டுப் போயிட்டான்."

அம்மா தன் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். அது ஓடுகிற ஃப்ரிட்ஜ்.

மத்தியானத்துக்குள் ஃப்ரிட்ஜும் டிவியும் ஒரு தள்ளுவண்டியில் ஏறி அத்தை வீட்டுக்குப் போய்விட்டன. மிக்ஸி கட்டிலுக்கு அடியில் போனது. இரண்டாம் வகுப்பு படிக்கும் சின்னவளை அத்தை மடியில் இருத்தி, "அந்த மாமா என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது, சரியா?" என்று பாடம் நடத்தினாள். சின்னவள் அந்த நிமிடமே வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

பிறகு அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை சுவரில் வந்து நின்றது.

"அண்ணா, இதை என்ன பண்றது?"

அந்தச் சுவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலை முடிந்த வீடுகளில் டப்பாவின் அடியில் தங்கும் பெயின்ட்டை, "நீயே எடுத்துட்டுப் போப்பா" என்று சொந்தக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். அப்பா அதையெல்லாம் சேர்த்து வைத்து, வேலை இல்லாத நாட்களில் வீட்டில் ஒவ்வொரு சுவராக அடித்தார். சமையலறை ஒரு வங்கி மேலாளரின் அறையில் மிஞ்சிய இளமஞ்சள். படுக்கும் அறை ஒரு நகைக்கடையின் மாடிப்படிக்கு வாங்கிய நிறம். கூடத்தின் பெரிய சுவர் ஒரு டாக்டர் வீட்டுச் சாம்பல் நீலம். வீட்டில் எல்லோரும் அவற்றை அப்படியேதான் கூப்பிட்டார்கள். "டாக்டர் மேல சாயாதே, அழுக்காகும்" என்று அம்மா சின்னவளை அதட்டுவாள். மூன்று தடவை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, கை வைத்தால் வழுக்கும்படி அந்தச் சுவரைச் செய்திருந்தார் அப்பா. வாடகை வீடுதான். ஆனாலும் தெருவில் போகிறவர்கள் கதவு திறந்திருந்தால் ஒரு நொடி நின்று பார்ப்பார்கள்.

"சுவரைத் தூக்கிட்டுப் போய் உன் வீட்டுல வைக்கலாமா?" என்று சிரித்தார் அப்பா.

அத்தை சிரிக்கவில்லை. "இது பெரிய ஓட்டல் மாதிரி இருக்குண்ணா. இந்தச் சுவத்தைப் பார்த்துட்டு யாரு உனக்கு இரக்கப்படுவா?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அப்பா சாப்பிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவள் தோழி வீட்டிலிருந்து ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வாசலிலேயே சத்தம் கேட்டது. இரும்புத் தகடு சுவரில் இழுபடும் சத்தம். அவள் கூடத்துக்குள் வந்தபோது அப்பா ஏணியில் நின்றிருந்தார். டாக்டர் சுவரின் மேல் பாதி வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பழசாக்குறேன்."

"வேணாம்ப்பா. இறங்குங்க."

"இதுல என்ன இருக்கு? அப்புறம் அடிச்சுக்கலாம். எம் வேலைதானே." அவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார். "உனக்கு இது வந்துட்டா, ஊர்ச் சுவத்தையெல்லாம் நான் சுரண்டுவேன்."

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அவள் கண் தூசியால் சிவந்திருந்ததா என்று பெரியவளுக்குத் தெரியவில்லை. ஏணியைப் பிடிப்பதா, அப்பாவின் காலைப் பிடிப்பதா என்று புரியாமல் அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். இந்தச் சுவரால் உதவித்தொகை போய்விட்டால் என்ற நினைப்பு வந்து வாயை அடைத்தது.

அப்பாவிடம் ஒரு சிக்கல் இருந்தது. கெடுக்கவேண்டும் என்று ஏறினாலும் கெடுக்க அவருக்குக் கை வரவில்லை. பழக்கம் விடவில்லை. தரையில் பழைய துணியை விரித்துவிட்டுத்தான் தொடங்கினார். சுரண்டிய இடத்தின் ஓரங்களை நேராக்கினார். தூசியை ஒரு மூலையில் கூட்டிக் குவித்தார். சுவிட்சுப் பலகையைச் சுற்றிக் காகிதம் ஒட்டியிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்த அத்தைக்கே முகம் மாறியது.

"என்னண்ணா, இது பழசு மாதிரியே இல்லையே. நாளைக்கு பெயின்ட் அடிக்கப்போற மாதிரில்ல இருக்கு."

"டீத்தண்ணி ஊத்திக் கறையாக்கிப் பார்க்கலாமா?" என்றார் அப்பா. அந்தக் குரலைப் பெரியவள் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை.

டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் கோப்பு. திங்கட்கிழமை இந்தப் பக்கம் வர முடியாது, அருகில் இன்னொரு வீட்டுக்கு வந்தேன், அப்படியே இதையும் முடித்துவிடலாம் என்று வந்தேன், தொந்தரவு இல்லையே என்று கேட்டார். நல்ல மனிதர். தலை முழுக்க நரை. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

உள்ளே வந்ததும் ஏணி, துணி, சுவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"வீட்டு வேலை நடக்குது போலிருக்கே."

"கொஞ்சம் உரிஞ்சு போச்சு சார்" என்றாள் அம்மா.

"நல்லா பண்றாரே. யாரு பெயின்டர்? கூலி எவ்வளவு கேக்குறாரு?"

"நான்தான் சார்" என்றார் அப்பா.

"அட, அப்ப வசதிதான்" என்று அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாகப் பளபளத்தது. மேலே அதற்கான பிளக் பாயின்ட் காலியாக இருந்தது. "இங்க ஃப்ரிட்ஜ் வரப்போகுதா?" என்றார். கூடத்தில் டிவி இருந்த இடத்து ஆணிகளைப் பார்த்து, "டிவி மாட்ட இடம் விட்டிருக்கீங்க" என்றார். எதையும் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். எல்லாம் கோப்பில் ஏறியது.

"பாப்பா, எந்த ஸ்கூல்ல படிக்கிற?" என்று சின்னவளைக் கேட்டார். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். மறுபடி கேட்டார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பேனாவை ஒரு கணம் நிறுத்தி அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள்.

பெரியவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. சார், இது வேறு சார், நாங்கள் அப்படி இல்லை சார் என்று சொல்லலாம். அப்புறம்? எப்படி இருக்கிறோம் என்று கேட்டால், எப்படிக் காட்ட நினைத்தோம் என்பதையும் சொல்ல வேண்டிவரும். அவர் கிளம்பும்போது அவளிடம், "நல்லா படிம்மா" என்றார். அவள் தலையாட்டினாள்.

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. நேரில் கண்ட சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு என்று தொடங்கி, தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று முடிந்தது. பெரியவள் அதை நூலகத்தில் படித்தாள். மேசை ஆடவில்லை. அவள் விசைப்பலகையில் கையே வைக்கவில்லை.

அறக்கட்டளை எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்த பெண், முடிவு முடிவுதான் என்று இனிமையாகச் சொன்னாள். இன்னொரு தடவை செய்தபோதும் அதே இனிமை. அப்பா அன்றைய வேலையை விட்டுவிட்டு, சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா, நேர்ல போய்ப் பேசுவோம்" என்றார்.

அந்த அலுவலகம் ஒரு பெரிய கட்டடத்தின் மாடியில் இருந்தது. வரவேற்பில் இருந்தவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். யாரும் விரட்டவில்லை. விரட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். நெடுநேரம் கழித்து நரைத்த தலைக்காரரே அவர்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்.

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன்" என்றார். "பார்த்தது தப்பா?"

அப்பா மகளைப் பார்த்தார். பெரியவள் மேசைக்கு அடியில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"தப்பில்ல சார். ஆனா நாங்க வீட்டைப் புதுசாக்கல. பழசாக்கினோம். நான்தான் சுரண்டினேன். பார்த்தா இல்லாதவன்னு தெரியணும்னு. ஃப்ரிட்ஜும் டிவியும் எந் தங்கச்சி வீட்டுல இருக்கு. பொண்ணு வேணாம்னுதான் சொன்னா சார்."

நரைத்த தலைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கோபப்படுவார் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவர் களைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

"ஃப்ரிட்ஜ் இருந்தா என்னங்க? எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு. ஃப்ரிட்ஜுக்காக நான் யாரையும் கழிச்சதில்ல. புதுசா வாங்கி, வீட்டையும் புதுப்பிக்கிறீங்கன்னுதான் எழுதினேன்."

"சுவர்?"

"நல்ல சுவர்னு நினைச்சிருப்பேன். முன்னாடி இருந்த பெயின்ட்டும் நீங்களே அடிச்சதுன்னு சொல்லியிருந்தா, அதையும் எழுதியிருப்பேன்."

அப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது.

"இப்ப திருத்தி எழுத முடியாதா சார்?" என்று பெரியவள் கேட்டாள்.

"முடியாதும்மா. ரெண்டு காரணம். உங்கப்பா இப்ப சொன்னதை நான் எழுதினா, ஏமாத்தப் பார்த்தாங்கன்னு பதிவாகும். அடுத்த வருஷமும் உன் பேரைத் தொட மாட்டாங்க. அதனால இதை நான் கேக்கலன்னு வச்சுக்கிறேன்." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "இன்னொண்ணு, உன் இடத்துக்கு வேற ஒரு பையனை எடுத்தாச்சு. நேத்து அவங்க அம்மா போன்ல அழுதாங்க, சந்தோஷத்துல. அவங்ககிட்ட போய் நான் என்ன சொல்லட்டும்?"

அவரே எழுந்து வந்து லிஃப்ட் வரை வழியனுப்பினார்.

தெருவில் அப்பா வேகமாக நடந்தார். பெரியவள் கிட்டத்தட்ட ஓடவேண்டியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான் பேசினார்.

"உள்ளதை உள்ளபடி விட்டிருந்தா கிடைச்சிருக்கும்."

"இல்லப்பா. அதுவும் தெரியாது."

"அவரே சொன்னாரே."

"இப்ப சொல்றாருப்பா."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றுக்கும் அவர் அசையவில்லை. அந்தச் சின்ன அறையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டு வந்தது, நல்ல சுவர்னு நினைச்சிருப்பேன் என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

தூரத்துக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டி உறுதி செய்யக் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. அப்பா அதற்குள் தெரிந்த இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்தார். அம்மா ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டாள். கேட்டவர்கள் எல்லோரும் நல்லவிதமாகவே இல்லை என்றார்கள். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பெரியவள் போனில் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்குப் பச்சையாக இருந்த பொத்தான் சாம்பலாகியது. அழுத்திப் பார்த்தாள். கால அவகாசம் முடிந்தது என்று வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பசித்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

உள்ளூர்க் கல்லூரியில் கணிதம் சேர்ந்தாள். பேருந்தில் போய்வந்தாள். ஃப்ரிட்ஜும் டிவியும் திரும்பி வந்தன. காலையில் அப்பா வானத்தை அவரே பார்த்துக்கொண்டு கிளம்பினார். கேட்டால் அவளுக்கு வலிக்கும் என்று அவர் நினைத்தார். கேட்காமல் போவதுதான் வலிக்கிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கல்லூரி தொடங்கிய புதிதில் ஒரு மாலை அத்தை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு. அத்தை அன்று வழக்கம்போல் சத்தமாகப் பேசவில்லை. கதவருகிலேயே நின்று, உரிந்த சுவர்ப்பக்கம் திரும்பாமல், "இவளுக்கும் ஏதாவது இருக்கான்னு பாரேன்" என்றாள். "உனக்குத்தான் எல்லா இடமும் தெரியுமே."

அம்மா சமையலறையில் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். பெரியவள் ஒரு கணம் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாயில் நகர்ந்து உட்கார்ந்து, போனைத் துடைத்துக்கொண்டாள்.

"போட்டோ இருக்கா?" என்று அத்தையின் மகளைக் கேட்டாள். "சரி, பக்கத்துல வா. பிறந்த தேதி சொல்லு."